அறுவை அரங்கில் ஒளிரும் சாயங்கள்: சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஊசி போட்டால் புற்றுக்கட்டி மட்டும் தனியாக ஒளிருமாமே, உண்மையா?" புற்றுநோய் சிகிச்சையில் யாராவது இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. உண்மைதான். ஆனால் எந்தச் சாயம், எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் பெரிய நம்பிக்கையும் அதைவிடப் பெரிய ஏமாற்றமும் வந்து சேரும். அதனால் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒளியால் தூண்டப்படும் சாயம் என்றால் என்ன?

சில மூலக்கூறுகள் ஒரு நிற ஒளியை உள்வாங்கி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, வேறொரு நிறத்தில் அதைத் திருப்பி விடுகின்றன. கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டும்போது அதன் எண்கள் பளிச்சென்று தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே இயற்பியல்தான் இங்கேயும்.

மருத்துவத்தில் முக்கியமான கேள்வி, சாயம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. சில சாயங்கள் புற்றணுவின் மேல் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றைச் செல்லே தன்னுள் தயாரித்துக்கொள்ளும். சில, புற்றணு சுரக்கும் ஒரு நொதி தொட்டால்தான் விழித்துக்கொள்ளும். இன்னும் சிலவற்றுக்குப் புற்றைப் பற்றி எதுவுமே தெரியாது. நிணநீர் ஓடும் பாதையில் ஓடிக் காட்டும், அவ்வளவுதான். நான்கும் செய்திகளில் "ஒளிரும் சாயம்" என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இதை ஒரு பரிசோதனையாகச் செய்துகொண்டு, எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. சினைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தச் சாயங்கள் நோய் உள்ளவர் அல்லது நோய் இருப்பதாக வலுவான சந்தேகம் உள்ளவர் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது மட்டுமே பயன்படுகின்றன. வயிறு திறந்திருக்க வேண்டும், அல்லது சிறு துளை வழியே கேமரா செலுத்தும் லேப்ராஸ்கோப்பி குழாய் உள்ளே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, தோலையும் கொழுப்பையும் தசையையும் தாண்டி சினைப்பையைப் பார்க்க எந்தச் சாயத்தாலும் முடியாது.

அறிகுறி இல்லாத பெண்களில் சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிப் பிடித்து உயிரிழப்பைக் குறைக்கும் சோதனை இதுவரை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு மிகப் பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை, சிலருக்கு ஸ்கேன், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. 2021-ல் வந்த முடிவின்படி, பரிசோதனை செய்துகொண்டவர்களில் அந்த நோயால் ஏற்படும் இறப்பு குறையவில்லை. ஆகவே "ஒளிரும் சாய டெஸ்ட்" என்று யாராவது முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் சேர்த்து விற்றால் விலகி வந்துவிடுங்கள்.

அப்படியானால் அறுவை சிகிச்சையின்போது மட்டும் எதற்கு? டாக்டருக்குக் கண் தெரியாதா?

சினைப்பைப் புற்றுநோயின் குணமே இந்தக் கேள்விக்குப் பதில். பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோய் தெரியவருகிறது. அதற்குள் புற்றணுக்கள் சினைப்பையை விட்டு உதிர்ந்து, வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தோடு மிதந்து, வயிற்றின் உள் உறையில், குடலின் மேல், உதரவிதானத்தின் அடியில், குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையில் ஒட்டி வளர்ந்திருக்கும். சில முடிச்சுகள் எலுமிச்சை அளவு இருக்கும். சில கடுகளவுகூட இருக்காது. மருத்துவர் இரண்டு வழிகளில்தான் அவற்றைத் தேடுகிறார்: கண்ணால் பார்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பது.

தேடல் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பது வெறும் திறமைப் போட்டி அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வுக் குழு மூன்று பெரிய ஆய்வுகளில் இருந்த 3,126 நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியும் புற்று எதுவும் மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 99.1 மாதம். 1 முதல் 10 மில்லிமீட்டர் வரை மிச்சம் இருந்தவர்களுக்கு 36.2 மாதம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தவர்களுக்கு 29.6 மாதம். முழுமையாக எடுக்க முடிந்தவர்களுக்கு நோயே குறைவாகப் பரவியிருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது. இந்த நோய்க்கு அறுவை செய்யும் எவரும் "மிச்சம் எவ்வளவு" என்ற கேள்வியோடுதான் அரங்கை விட்டு வெளியே வருகிறார்.

கண்ணுக்குத் தப்பும் அந்தச் சின்னச் சின்னத் துளிகளைக் காட்டிக்கொடுக்கத்தான் சாயம்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற சாயம் எது? எப்படி வேலை செய்கிறது?

பாஃபோலாசியனின். சைட்டாலக்ஸ் என்ற பெயரில் வருகிறது. 2021 நவம்பர் 29-ல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. சினைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு இதை அனுமதித்தது. அடுத்த ஆண்டு நுரையீரல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. இதன் பின்னால் இருப்பது இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஃபிலிப் லோவின் பல ஆண்டு வேலை.

கருத்து எளிமையானது. ஃபோலிக் அமிலம், அதாவது கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் பி வைட்டமின், செல் பெருக்கத்துக்குத் தேவை. அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள சில செல்களின் மேல் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் இருக்கிறது. சாதாரணத் திசுக்களில் இது அரிது. ஆனால் சினைப்பையின் எபிதீலியல் வகை (மேலுறைச் செல்களில் தோன்றும்) புற்றுகளில் பத்தில் ஒன்பதில் இது ஏராளமாக இருக்கும். ஆகவே ஃபோலேட்டைப் போன்ற ஒரு மூலக்கூறின் வாலில் அகச்சிவப்புச் சாயத்தைக் கட்டி அனுப்பினால், புற்றணு அதைத் தன் உணவு என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. ரத்தத்தில் மிஞ்சிய சாயம் விரைவில் வெளியேறிவிடுவதால், சில மணி நேரத்தில் புற்று இருக்கும் இடம் தனித்துத் தெரிகிறது.

எல்லாச் சினைப்பைப் புற்றுகளிலும் இது நடக்காது. மியூசினஸ் எனப்படும் சளி சுரக்கும் வகையில் இந்த ஏற்பி குறைவு. அங்கே சாயம் பெரிதாக உதவாது.

ஏன் அகச்சிவப்பு? கண்ணுக்கே தெரியாத ஒளியால் என்ன லாபம்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. மனிதர்களில் இந்த முறையை முதலில் முயன்றது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், அறுவை மருத்துவர் கூய்ட்சன் வான் டாம் தலைமையில். 2011-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அந்த ஆய்வில் பத்துப் பெண்கள். அப்போது ஃபோலேட்டோடு கட்டியது பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீன் வகைச் சாயத்தை. ஒரே இடத்தின் படங்களைச் சாதாரண நிறத்திலும் ஒளிர்விலும் அறுவை மருத்துவர்களிடம் காட்டி முடிச்சுகளை எண்ணச் சொன்னபோது, சாதாரணப் படத்தில் இடைநிலையாக 7, ஒளிர்வுப் படத்தில் 34. அந்த எண்களைப் பார்த்த எவருக்கும் இந்தத் துறையில் ஏன் இவ்வளவு பேர் இறங்கினார்கள் என்பது புரிந்துவிடும்.

ஆனால் பச்சை ஒளிக்கு இரண்டு சிக்கல்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடுகிறது, அதனால் மேற்பரப்பில் இருப்பது மட்டுமே தெரியும். அடுத்து, உடலின் திசுக்களே அந்த நிறத்தில் மெலிதாக ஒளிர்கின்றன. பின்னணியே ஒளிரும்போது புற்றைப் பிரித்தறிவது கஷ்டம். ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புப் பகுதியில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. பாஃபோலாசியனின் 775 நானோமீட்டர் அளவில் ஒளியை வாங்கி 795 அளவில் விடுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் கேமரா அதைப் பிடித்துத் திரையில் பச்சையாகவோ வேறு நிறத்திலோ காட்டுகிறது. திரையில் பார்க்கும் நிறம் கணினி பூசியது.

இதே பாஃபோலாசியனினை 2016-ல் நெதர்லாந்தின் லைடன் நகர மருத்துவர்கள் சினைப்பைப் புற்று உள்ள 12 பெண்களிடம் பயன்படுத்தியபோது, கூடுதலாக 29% புற்று முடிச்சுகளை எடுக்க முடிந்தது. அகச்சிவப்பிலும் ஆழம் சில மில்லிமீட்டர்தான், மிஞ்சிப் போனால் ஒரு சென்டிமீட்டர். குடலுக்குப் பின்னால் மறைந்திருப்பதைச் சாயம் காட்டாது. குடலைப் புரட்டிப் பார்ப்பது மருத்துவரின் கைதான்.

அறுவை சிகிச்சை நாளில் நோயாளிக்கு என்ன செய்வார்கள்?

அறுவைக்கு 1 முதல் 9 மணி நேரம் முன்பு, கைநரம்பு வழியாக ஒரு மணி நேரம் மெதுவாகச் சாயம் ஏற்றப்படும். அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.025 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான். மருந்தை உறைநிலையில் வைத்திருக்க வேண்டும், ஒளி படாமல் காக்க வேண்டும், 5% டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டும். மருந்தகமும் அறுவை அரங்கும் கைகோத்து வேலை செய்தால்தான் நேரம் ஒத்துவரும்.

அரங்கில் மருத்துவர் முதலில் வழக்கம்போல வெள்ளை ஒளியில் பார்த்து, தொட்டு, எடுக்க வேண்டியதை முடிவு செய்வார். அப்புறம் அறை விளக்குகளைக் குறைத்து அகச்சிவப்புக் கேமராவைத் திருப்புவார்கள். ஒளிர்கிற இடம் ஒவ்வொன்றையும் வெட்டி நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அது புற்றா இல்லையா என்ற கடைசித் தீர்ப்பு.

ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

பாஃபோலாசியனின் கொடுக்கப் போகிறார்கள் என்றால், ஊசிக்கு 48 மணி நேரம் முன்பிலிருந்து நிறுத்த வேண்டும். மாத்திரையிலிருக்கும் ஃபோலேட்டும் சாயமும் ஒரே ஏற்பிக்குப் போட்டியிடும். சாயம் தோற்றால் புற்று ஒளிராது. நம்மிடையே இது அலட்சியமாக விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. ரத்தசோகைக்கு அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் சேர்ந்தே இருக்கிறது. மல்டிவைட்டமின்களிலும் இருக்கிறது. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது இவற்றையும் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆய்வுகளில் உண்மையில் எவ்வளவு பலன் கிடைத்தது?

ஒப்புதலுக்கு அடிப்படையான மூன்றாம் கட்ட ஆய்வு அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் நடந்தது. 150 பெண்களுக்குச் சாயம் ஏற்றப்பட்டது. ஏற்பி உள்ள சினைப்பைப் புற்று உறுதியானவர்கள் 109 பேர். அவர்களில் 36 பேரிடம், அதாவது 33% பேரிடம், வெள்ளை ஒளியிலும் விரல் தடவலிலும் தப்பிய குறைந்தது ஒரு புற்று முடிச்சு சாயத்தால் கிடைத்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு எண். கீமோதெரபி கொடுத்து, நடுவில் அறுவை செய்துகொண்டவர்களில் இந்த விகிதம் ஏறத்தாழ 40%. கீமோவுக்குப் பிறகு வயிற்றுக்குள் தழும்புத் திசுவும் உயிருள்ள புற்றும் ஒரே மாதிரி வெளிறிப்போய் இருக்கும். கையால் தடவினாலும் இரண்டும் கெட்டியாகத்தான் தெரியும். நம் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் பலர் நோய் முற்றி, முதலில் கீமோ, பிறகு அறுவை என்ற வரிசையில்தான் சிகிச்சை பெறுகிறார்கள். ஆகவே அவர்களுக்குத்தான் இந்த எண் அதிகம் பொருந்தும்.

ஒளிர்வதெல்லாம் புற்றா?

இல்லை. அதே ஆய்வில் ஒளிர்ந்து எடுக்கப்பட்ட இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்று அல்ல என்று ஆய்வகம் சொன்னது. நிணநீர்க் கணுக்கள் முக்கியமான காரணம்: அங்கே இருக்கும், அழற்சியின்போது விழித்துக்கொள்ளும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்களின் மேல் ஃபோலேட் ஏற்பியின் இன்னொரு வகை, பீட்டா, இருக்கிறது. சாயம் அதையும் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில் இந்த ஏற்பி இயல்பாகவே உண்டு, எனவே அதுவும் ஒளிரும்.

மறுபக்கமும் உண்டு. ஒளிராததெல்லாம் நல்ல திசு என்று சொல்லிவிட முடியாது. புற்று முடிச்சுகளில் சாயம் காட்டியது ஏறத்தாழ 83%. மீதியைக் காட்டவில்லை. அதனால்தான் இந்தச் சாயத்தை வழக்கமான தேடலோடு சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வழக்கமான தேடலைக் குறைத்துவிட்டுச் சாயத்தை நம்பும் மருத்துவர் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை.

கூடுதலாகக் கண்டுபிடித்தால் ஆயுள் கூடுமா?

எல்லோரும் கேட்க விரும்புவது இதுதான். நேர்மையான பதில்: கூடும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஒப்புதல் கொடுக்கப்பட்டது, கூடுதல் முடிச்சுகள் கிடைக்கின்றன என்ற அடிப்படையில். ஆயுள் கூடுகிறது என்ற அடிப்படையில் கொடுக்கவில்லை.

அதிகம் எடுத்தால் அதிகம் நல்லது என்பது அறிவுக்குச் சரியாகத் தோன்றுகிறது, இல்லையா? 2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் லயன் என்ற ஆய்வின் முடிவு வந்தது. முற்றிய சினைப்பைப் புற்று உள்ள, கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் எடுக்கப்பட்ட 647 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீக்கமில்லாமல் சாதாரணமாகத் தோன்றிய நிணநீர்க் கணுக்களையும் முழுதாக எடுத்தார்கள். அப்படிக் கணுக்கள் எடுக்கப்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கணுக்களில் மறைந்திருந்த புற்று இருந்தது. ஆனாலும் ஆயுள் கூடவில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள்தான் கூடின.

வயிற்று உறையிலுள்ள துளிகளும் நிணநீர்க் கணுக்களும் ஒன்றல்ல என்று வாதிடலாம். அது நியாயமான வாதம்தான். ஆனால் வாதத்தை ஆய்வு தீர்க்கும்வரை, "சாயம் போட்டால் குணமாகிவிடும்" என்று எந்தக் குடும்பத்திடமும் யாரும் சொல்லக் கூடாது. வீட்டை அடகு வைத்துச் சிகிச்சை பார்க்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது அநியாயம்.

கருப்பைப் புற்றுநோய்க்கும் இதே சாயமா?

இல்லை, அங்கே பயன்படுவது ஐ.சி.ஜி., இண்டோசயனின் கிரீன். 1950-களிலிருந்து மருத்துவத்தில் இருக்கும் பழைய சாயம். நம் கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்களைப் படமெடுக்க நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஐ.சி.ஜி. புற்றைத் தேடிப் போகாது. கருப்பை வாயில் இரண்டு பக்கமும் சிறிதளவு ஊசியாகப் போட்டால், நிணநீர் ஓடும் வழியே ஓடி, அந்த வழியில் முதலில் வரும் கணுவை ஒளிரச் செய்யும். புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்து நுட்பமாகச் சோதித்தால் போதும். இடுப்பில் உள்ள எல்லாக் கணுக்களையும் வாரி எடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சாயத்தின் பலன் நோயாளியின் வாழ்க்கையில் நேரடியாகத் தெரிகிறது. இடுப்புக் கணுக்களை மொத்தமாக எடுத்த பெண்களில் பலருக்குக் காலில் நிணநீர் தேங்கி, கால் தடித்து, வாழ்நாள் முழுக்கத் தொல்லை தரும். செருப்புப் போட முடியாது, நின்று சமைக்க முடியாது. அதைத் தவிர்க்க முடிந்தால் அது பெரிய விஷயம். 2017-ல் வந்த ஃபயர்ஸ் ஆய்வில், கணுக்களில் புற்று இருந்தவர்களில் 97.2% பேரை ஐ.சி.ஜி. காட்டிய கணுவே சரியாகப் பிடித்தது. 2018-ல் வந்த ஃபிலிம் ஆய்வில் பழைய நீலச் சாயத்தையும் ஐ.சி.ஜி.யையும் ஒரே பெண்களிடம் ஒப்பிட்டார்கள். எடுத்த கணுக்களில் ஐ.சி.ஜி. 97% காட்டியது, நீலச் சாயம் 47%தான். அதே ஆண்டு நவம்பரில் கருப்பை, கருப்பை வாய்ப் புற்றுகளில் இந்தப் பயன்பாட்டுக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது.

இன்றைய நிலையில், பெண்களின் புற்றுநோய்களுக்கான ஒளிர்சாயங்களில் பலன் மிகத் தெளிவாக நிற்பது எது என்று கேட்டால், ஐ.சி.ஜி. என்றுதான் சொல்வேன். செய்தியில் அதிகம் வராது. ஆனால் வேலை செய்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஒளிரும் சாயம் உண்டா?

கருப்பை வாய் வெளியிலிருந்து பார்க்கக்கூடிய இடம். அதனால் இங்கே மட்டும் சாயம் முன்கூட்டிய பரிசோதனையிலும் பங்கேற்க முடியும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபேக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு ஒரு கருவி உருவாக்கியது. ப்ரோஃப்ளேவின் என்ற பழைய கிருமிநாசினியை நீர்த்த கரைசலாகக் கருப்பை வாயில் தடவி, பேனா ரீஃபிலைவிட மெல்லிய ஒளியிழைக் கற்றையை மேலே வைத்தால், நீல ஒளியில் செல்களின் உட்கருக்கள் மட்டும் ஒளிர்ந்து திரையில் தெரியும். உட்கருக்கள் பெருத்து நெருக்கியடித்து நின்றால் சந்தேகம். பிரேசிலில் பாரெட்டோஸ் புற்றுநோய் மருத்துவமனையின் நடமாடும் வண்டியிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். நோயியல் நிபுணர் இல்லாத இடத்தில், காத்திருக்காமல் அப்போதே முடிவு தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

 

ஆனால் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வருகிறது. இவ்வளவு பேருக்கும் எட்டக்கூடிய முறைக்கு ஒளிரும் சாயம்கூடத் தேவையில்லை. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிடம் கழித்து நல்ல விளக்கில் பார்த்தால் சந்தேகமான இடம் வெளுத்துத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு முறை இதைச் செய்தார்கள். சந்தேகமானவர்களுக்குச் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. 2007-ல் லான்செட் இதழில் வந்த அதன் முடிவு: கருப்பை வாய்ப் புற்று 25% குறைந்தது, அதனால் ஏற்பட்ட இறப்பு 35% குறைந்தது. இன்று, இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை இதைவிட நுட்பமானது. உலக சுகாதார நிறுவனமும் அதையே முதலாவதாகப் பரிந்துரைக்கிறது. முப்பது வயது தாண்டிய பெண் ஒளிரும் சாயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் என்ன பரிசோதனை இருக்கிறது என்று கேட்டு, அதைச் செய்துகொள்ளட்டும்.

5-அலா என்று ஒரு மருந்து பற்றிப் படித்தேன். அது என்ன?

அமினோலெவுலினிக் அமிலம். இது தானாக ஒளிராது. செல்லுக்குள் போய், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் தயாராகும் அதே வழியில் மாறி, ப்ரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாகும். புற்றணுக்களில் அது அதிகம் தேங்கும். நீல-ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். மூளைக்கட்டி அறுவைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் உண்டு. சினைப்பைப் புற்றுக்கு ஜெர்மனியில் லேப்ராஸ்கோப்பி வழியாக முயன்றிருக்கிறார்கள்.

பார்ஃபிரின் குடும்பத்தின் பெண்ணோயியல் வரலாறு இதைவிடப் பழையது. 1967-லேயே ஹீமட்டோபார்ஃபிரின் சேர்மத்தைக் கருப்பை வாய்ப் புற்றைக் கண்டறியப் பயன்படுத்திய ஆரம்ப ஆய்வறிக்கை அமெரிக்க மகப்பேறு இதழில் வந்துவிட்டது.

புற்றைத் தொட்டால்தான் விழித்துக்கொள்ளும் சாயம் உண்டா?

உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே அழகான வேதியியல் அதுதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதேரு உரானோ 2011-ல் அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் ஹிசடகா கோபயாஷியோடு சேர்ந்து வெளியிட்டது. சாயத்தின் மூலக்கூறு மூடிய வளையமாக, நிறமே இல்லாமல் இருக்கும். சினைப்பைப் புற்று உட்பட சில புற்றணுக்களின் மேல் மிகுதியாக இருக்கும் ஜிஜிடி என்ற நொதி அதில் ஒட்டியிருக்கும் குளுட்டாமிக் அமிலத் துண்டை வெட்டினால், வளையம் திறந்து பச்சையாக ஒளிரும். எலிகளின் வயிற்றில் தெளித்தபோது ஒரு நிமிடத்திலேயே மின்னத் தொடங்கியது. ஊசியும் வேண்டாம், மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

காட்டிக்கொடுக்கும் ஒளியாலேயே புற்றைக் கொல்ல முடியாதா?

கொள்கை அளவில் முடியும். சில சாயங்கள் வாங்கிய ஒளியை ஆக்சிஜனிடம் கொடுத்து, செல்லை எரிக்கும் வடிவமாக அதை மாற்றிவிடும். ஆனால் வயிற்றுக்குள் ஒளி பாய்ச்சினால் குடலும் சேர்ந்து பாதிக்கப்படும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வயிறு முழுக்கப் பரவிய புற்றுக்கு இப்படிச் செய்த ஆய்வில் நோய் நீடித்துக் கட்டுப்படவில்லை. ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிவது பெரிய சிக்கலானது. 2014-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தய்யபா ஹசன் குழு, புற்றணுவுக்குள் போன பிறகே வேலை செய்யும் ஆன்டிபாடி-சாய இணைப்பை எலிகளில் காட்டியது. அந்தத் திசையில்தான் நம்பிக்கை இருக்கிறது.

பக்கவிளைவுகள்?

பாஃபோலாசியனினுக்குக் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, முகம் சிவத்தல், அரிப்பு, நெஞ்சில் அசௌகரியம். பெரும்பாலும் ஏற்றும்போதே வந்து போகும். கருவுக்குத் தீங்கு வரலாம் என்பதால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். ஐ.சி.ஜி.யில் அயோடின் உண்டு, அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். பார்ஃபிரின் வகைகளில் தோல் ஒளிக்குக் கூசும். 5-அலாவுக்கு இரண்டு நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். அதே குடும்பத்தின் பழைய மருந்தான ஃபோட்டோஃப்ரினுக்கு ஒரு மாதமாவது தவிர்க்க வேண்டும். நம்மூர் வெயிலில் அது சாதாரணக் காரியமில்லை.

என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது. டாக்டரிடம் என்ன கேட்கட்டும்?

சாயத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில், அறுவை செய்யப் போவது பெண்ணோய்ப் புற்றுக்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவரா என்று கேளுங்கள். சினைப்பைப் புற்று என்றால், தெரியும் கட்டி எல்லாவற்றையும் எடுக்க முடியும் என்று எதிர்பார்க்கிறாரா, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்குவது மேலா என்று கேளுங்கள். அறுவை முடிந்ததும் "மிச்சம் எவ்வளவு இருக்கிறது, அதை எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்த ஒரு வரி இருக்க வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு மருத்துவரும் அதைத்தான் முதலில் தேடுவார்.

கருப்பைப் புற்று என்றால் கேள்வி வேறு: "கணுக்களை மொத்தமாக எடுப்பீர்களா, முதல் கணுவை மட்டுமா? ஐ.சி.ஜி. கேமரா உங்கள் அரங்கில் இருக்கிறதா?" இல்லை என்றால், அது இருக்கும் மருத்துவமனைக்குப் பரிந்துரைக்க முடியுமா என்றும் தயங்காமல் கேட்கலாம். கால் வீக்கம் வருமா, வந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சாயம் பயன்படுத்தப் போவதாக அவரே சொன்னால், எந்தச் சாயம், எதற்காக, கூடுதல் செலவு எவ்வளவு, ஒளிர்ந்து எடுத்த ஒவ்வொன்றின் ஆய்வக முடிவும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.